நாலு இருபது மணி நிழல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க மக்கா. பின்னால் நிற்கிறவர்களும் வந்து உட்காருங்கள். என் குரல் முன்னைப்போல எட்டுவதில்லை. காலை நீட்டிக்கொள்ளலாம், கண்ணைச் சொருகினால் சாய்ந்துகொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இன்றைக்குச் சொல்லப்போகிற கதையை முழுசாகச் சொல்லிவிடுவேன், அது உறுதி. ரொம்ப வருஷமாகத் தள்ளித் தள்ளி வைத்த கதை. ஒரு போட்டோவை வைத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கால் ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போனார். அந்தக் கணக்கை முதலில் போட்டு முடித்தவள் நான்தான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, சுற்றிலும் உப்பளம், நடுவில் எங்கள் ஊர். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, யாரும் சொன்னதில்லை. நாங்கள் வைத்த பெயர் நிப்பாட்டி. ஒரு போட்டோவை அதன் வாய்க்குள் கொடுத்தால், அதில் இருக்கிற இடத்தை, ஆளை, மரத்தை எல்லாம் ஆள் உயரத்துக்கு வெளிச்சத்தால் நிப்பாட்டிக் காட்டும். பிரார்த்தனை ஹாலில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு நாங்கள் அந்தப் படத்துக்குள்ளே நடப்போம். அளவு நாடாவைப் பிடித்து மரத்தின் உயரத்தை அளப்போம். விரற்கடைகூடப் பிசகாது என்பார்கள். போட்டோவில் தெரியாத முதுகுப் பக்கத்தை மட்டும் பெட்டி தானாக யூகித்துச் சாம்பல் நிறத்தில் போட்டு வைக்கும்.

அறிவியல், கணக்கு இரண்டும் எங்களுக்கு தனிஸ்லாஸ் சார்தான். ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் தூளோடு இருப்பார். நல்ல மனுஷன் மக்கா. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடையாது, அதுதான் எனக்கு வருத்தமே.

"புஸ்தகத்துல ஒரு ஏணி சுவத்துல சாஞ்சிருக்கு. அது யார் வீட்டு ஏணி?" என்று கேட்டார் முதல் நாள்.

"தெரியாது சார்."

"அப்ப அது வழுக்கி விழுந்தா உனக்கு என்ன, விழலைன்னா உனக்கு என்ன? உங்க வீட்டு ஏணியக் கொண்டு வாங்கலே. உங்க வீட்டு போட்டோவுல இருந்து கணக்கு எடுப்போம்."

அதிலிருந்து தினம் ஒரு வீட்டுப் படம். ஒருத்தி அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை மேல் பூப்போட்ட படம் கொண்டுவந்தாள். பூ போகிற வளைவை அளந்து எறிபொருள் பாடம் நடந்தது. ஒருத்தன் கிணற்றில் குதிக்கிற படம். எத்தனை நொடி காற்றில் இருந்தான் என்று கண்டுபிடித்தோம். அதுவரை கணக்கு என்றாலே கசந்த எனக்கு, அந்த வருஷம்தான் கணக்கு இனித்தது. விடையை யார் முதலில் கத்துவது என்று எங்களுக்குள் போட்டி. பெரும்பாலும் நான்தான் கத்துவேன். சார் என்னை 'ஏ கணக்குப்புலி' என்று கூப்பிடுவார்.

ஒருநாள் அந்தோணி என்கிற பையன் அவன் அண்ணன் மோட்டார் சைக்கிளில் போகிற படத்தைக் கொண்டுவந்தான். சக்கரக் கம்பிகள் கலங்கித் தெரிந்தன. கலங்கலின் அகலத்தை அளந்து வேகம் எடுத்தோம். எண்பத்துநாலு கிலோமீட்டர், அதுவும் மீன் மார்க்கெட் தெருவில். மறுநாள் அந்தோணி வந்து, "எங்கப்பா அண்ணனை வெளக்குமாத்தால அடிச்சிட்டாரு சார். இனிமே படம் கொண்டு போனா என்னை அடிப்பேன்னு அண்ணன் சொல்லுதான்" என்றான். ஹாலே சிரித்தது. சாரும் சிரித்தார். அன்றைக்கு யாராவது சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பங்குனி மாசம் நிழல் பாடம் வந்தது. வெயிலில் நிற்கிற ஒரு கம்பும் அதன் நிழலும் போதும், நேரம் சொல்லிவிடலாம் என்றார் சார். நீளமான நிழல் விழுந்த படம் வேண்டும், எந்தத் தேதியில் எடுத்தது என்றும் தெரிய வேண்டும். கைபேசியில் எடுத்த படம் கூடாது, அதில் நேரம் பதிந்திருக்கும், ஏமாற்றிவிடுவீர்கள் என்றார். பழைய காகிதப் படம் யாரிடம் இருக்கிறது?

என் பக்கத்தில் உட்காருகிற பூரணி என் காதில், "எங்கப்பா பொட்டியில ஒண்ணு இருக்குட்டி. ஆனா அது பெரியப்பா செத்த அன்னைக்கு எடுத்தது" என்றாள்.

"நெழல் நீளமா இருக்கா?"

"இருக்கு. நல்ல நீளம்."

"பின்ன என்னட்டி, கொண்டா" என்றேன் நான்.

பூரணியின் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். அவளுடைய அப்பா சுயம்பு, எனக்குச் சித்தப்பா முறை, உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவர். அம்மா இவள் பிறந்த மறுவருஷமே போய்விட்டாள். வளர்த்தது பெரியம்மா உலகம்மாள், சுயம்புவின் அண்ணன் மனைவி. அந்த அண்ணன் தவசிக்கனி இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் உப்பளத்து மோட்டார் கிணற்றில் மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

எப்படி என்றால், மோட்டார் கிணற்றுக்குள் இறங்குவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் உள்ளே இறங்குவார். இன்னொருவர் மேலே மோட்டார் அறையில் சுவிட்சுப் பக்கத்தில் நிற்பார், யாரும் தொடாமல், கரண்ட் போய் வந்தாலும் உடனே அணைக்கிற மாதிரி. அண்ணன் இறங்குவார், தம்பி நிற்பார். அதுதான் வழக்கம். அன்றைக்குத் தம்பி ஊரில் இல்லை. அண்ணனுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். அந்தப் பிள்ளை நான் படிக்கிற காலத்தில் வளர்ந்து வெளியூர் போய்விட்டது. உலகம்மாள் பிள்ளையோடு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். தம்பி காலை ஒன்பது மணி பஸ்ஸில் திருநெல்வேலிக்குத் தொட்டில் வாங்கப் போய்விட்டார். சாயங்காலம் கரண்ட் இல்லாத நேரம் பார்த்து அண்ணன் தனியாக இறங்கினார். சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறார். நாலரைக்குக் கரண்ட் வந்தது.

ராத்திரி தொட்டிலோடு கடைசி பஸ்ஸில் இருந்து இறங்கிய சுயம்புவிடம் ஊரே ஓடிப் போய்ச் சொன்னதாம். இருபத்தெட்டு வருஷம் உலகம்மாள் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. "நீ இருந்திருந்தா நின்னிருப்ப. நீ எம் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கத்தானே போன" என்பாள். அதை வைத்துத்தான் அந்த வீடு நின்றது.

படத்தைச் சுயம்பு சித்தப்பாவே தன் துணிப்பெட்டியில் இருந்து எடுத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். "எம் போட்டோவுல பாடமா? மடக்கிராதட்டி, பத்திரம்" என்று வாசல்வரை வந்து சொன்னார். எனக்குக் கேட்டது.

கறுப்பு வெள்ளைப் படம். அந்த வருஷத்து முதல் உப்பு வாரிய நாளில் ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்தது. முதுகில் மார்ச் 21 என்று மசியில் எழுதியிருந்தது. வரப்பின்மேல் நாலு பேர். இருபத்தாறு வயசுச் சுயம்பு, கையில் ஒரு கம்பு. கூட மூன்று பெண்கள். வெயிலுக்காகச் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரப்பு நேராகப் போய் மோட்டார் அறையில் முடிந்தது. வரப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பாத்திகள், ஒரே மாதிரி உப்புக் குவியல்.

நிப்பாட்டி அதை நிறுத்தியதும் ஹாலே வெள்ளையாகிவிட்டது. உப்பு வெயில் கண்ணைக் கூசிற்று. சுயம்பு சித்தப்பா கருகரு மீசையோடு எங்கள் முன்னால் நின்றார். பூரணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்கப்பாவுக்கு இவ்வளவு முடியா?" என்று அவர் தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"மார்ச் இருபத்தொண்ணு" என்று சார் குதித்தார். "அதிர்ஷ்டம்டா! சூரியன் நேர் கிழக்குல உதிச்சு நேர் மேற்குல விழுற நாள். வரப்பு எந்தத் திசையில போகுது?"

பெட்டி வரைபடத்தோடு ஒத்துப்பார்த்துச் சொன்னது: வடக்கு.

நானும் அந்தோணியும் நாடாவைப் பிடித்தோம். கம்பு ஐந்தடி. நிழல் எட்டடி ஐந்து அங்குலம். நான் தரையிலேயே உட்கார்ந்து போட்டேன். கோணம் முப்பத்தொன்று. வடக்கே பார்த்து நிற்கிறோம், நிழல் வலது பக்கம் விழுகிறது. வலது பக்கம் கிழக்கு. அப்படியானால் சூரியன் மேற்கே.

"நாலு இருபது சார்!" என்று கத்தினேன். "சாயங்காலம் நாலு இருபது!"

"சபாஷ்!" என்றார் சார். பெட்டியும் அதே நேரத்தைச் சொன்னது. நம்பகம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றது.

பூரணி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இல்ல சார், இது காலையில எடுத்தது. எங்கப்பா ஒம்பது மணி பஸ்ஸுக்குப் போயிட்டாங்க."

சார் இதைப் பாடமாகத்தான் எடுத்துக்கொண்டார். தப்பான விடை சொன்ன பிள்ளையைச் சரியான விடைக்குக் கூட்டிப்போகிற மாதிரி, மெதுவாக. "காலையில எடுத்திருந்தா நெழல் எந்தத் திசையில விழணும்மா?"

"மேற்க சார்."

"இங்க மேற்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"இப்ப எங்க விழுது, காட்டு."

பூரணி தரையைப் பார்த்தாள். அவளுடைய அப்பாவின் நிழல் வலது பக்கம் நீளமாகக் கிடந்தது. கை தூக்கினாள், முழுசாகத் தூக்கவில்லை. அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நான் அடுத்த கணக்கை எதிர்பார்த்து நின்றேன்.

சாருக்கு அந்த வீட்டுக் கதை தெரியாது, வெளியூர்க்காரர். எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பையை வைத்ததும் என் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், பெட்டிக்கு முன்னாலேயே நான் நேரத்தைச் சொல்லிவிட்டேன் என்று. அம்மா கையில் இருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள். "என்ன நேரம்னு சொன்ன?" என்று இரண்டு தரம் கேட்டாள். விளக்கு வைக்கிறதுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணன் செத்ததும் பயந்து பஸ் ஏறி ஓடி, அப்புறம்தான் தொட்டில் வாங்கியிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போதெல்லாம் நிப்பாட்டி பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. வரப்புச் சண்டைக்கும் வண்டி மோதின வழக்குக்கும் அதைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஆள் சொன்னால் 'அப்படியா' என்பார்கள். பெட்டி சொன்னால் 'அப்படித்தான்' என்பார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் உலகம்மாள் குரல் கேட்டது. சத்தமே போடவில்லை.

"நாலு இருபதுக்கு நீ அளத்துலயா நின்ன?"

"இல்ல மதினி. நான் ஒம்பது மணி பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

"நெழல் சொல்லுதாமே."

"நெழல் என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது. நான் ஒம்பது மணி பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

"பத்து நிமிஷம்தானப்பா இருக்கு நாலரைக்கு. மோட்டார் ரூம் ஒனக்குப் பின்னால தெரியுதாம். சிரிச்சிக்கிட்டு நிக்கியாமே." பிறகு, "பயந்துட்டேன் மதினி, போட்டோ எடுக்கப் போயிட்டேன் மதினின்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மன்னிச்சிருப்பேனே. இருபத்தெட்டு வருஷமா தொட்டில் தொட்டில்னு என்னைப் பேச வச்சிட்டியே."

அவர் மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொன்னார். அவரிடம் வேறு வாக்கியம் இல்லை.

படத்தில் இருந்த மூன்று பெண்களில் பிரமுவும் செல்லக்கனியும் செத்துவிட்டார்கள். பேச்சியக்கா மட்டும் இருந்தாள், எண்பது வயசு. அவளிடம் போய்க் கேட்டார்கள். "காலையிலதான் எடுத்தாம். எனக்குப் பசி. இவன் பஸ்ஸுக்கு நேரமாச்சு நேரமாச்சுன்னு குதிச்சிக்கிட்டு நின்னான்" என்று தெளிவாகச் சொன்னாள். கேட்டவர்கள் வெளியே வந்து, "நேத்துச் சாப்பிட்டது ஞாபகமில்ல, இதுல இது வேற" என்று சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன் மக்கா. நானும் சிரித்தேன்.

உலகம்மாள் சண்டை போடவில்லை. சோறு வடித்துக் குண்டானை நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். போட்டுச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது. இருபத்தெட்டு வருஷமாக அவள் கையால் பரிமாறிச் சாப்பிட்டவர், இரண்டு மாசம் தானே போட்டுச் சாப்பிட்டார். பிறகு வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் மோட்டார் பார்க்க ஆள் வேண்டுமாம் என்று ஒரு பையோடு கிளம்பினார். பூரணி பஸ் வரைக்கும் போனாள். அவளும் அவரை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. "எனக்கே தெரியலட்டி" என்று பின்னால் ஒருநாள் சொன்னாள். அதுகூட ரொம்ப நாளைக்குப் பிறகு. அப்போது என்னோடு பேச்சே கிடையாது. பெஞ்சை மாற்றிக்கொண்டுவிட்டாள். நாங்கள் பதினோராம் வகுப்புக்கு வந்தும் அப்படியே இருந்தாள்.

புரட்டாசியில் ஒருநாள் உலகம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். அதற்குள் சாருக்கு எல்லாம் தெரியும். மனுஷன் பாதியாக இளைத்திருந்தார்.

"அந்தப் படத்தை நிப்பாட்டுங்க சார். அவன் அங்க நிக்கிறதை எங் கண்ணால பாக்கணும்."

"வேண்டாம் அம்மா."

"காதால கேட்டே இவ்வளவு தூரம் வந்துட்டேன். பாத்துட்டா மனசு ஆறும்."

எங்கள் வகுப்பு அப்போது ஹாலில்தான் இருந்தது. பெட்டியில் பதிந்திருந்த அந்தப் படத்தை சார் நிப்பாட்டினார். அதே வெள்ளை வெளிச்சம். உலகம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சுயம்புவைப் பார்க்கத்தான் வந்தவள், அவர் பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். அவளோடு உப்பு சுமந்தவர்கள். ஒவ்வொருத்தி முகத்துக்கும் நேராகப் போனாள். அதுவரை நாங்கள் யாரும் அப்படிப் போனதில்லை. நாங்கள் நிழல் பக்கமாகவே நின்று அளந்தோம்.

"ஏளா பிரமு, எப்படி இருக்க பாரு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கிட்டப் போய்ச் சிரித்துவிட்டாள். "ஏளா, ஒனக்கு எப்பளா மூக்குத்தி எடப்பக்கம் போச்சு?"

அடுத்தவளிடம் போனாள். "செல்லக்கனி, நீயுமா? எல்லாவளும் சேந்து மூக்குத்தியை எடம் மாத்திக்கிட்டீங்களா? கோட்டிக்காரிகளா."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் தனிஸ்லாஸ் சார் கையில் இருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. "என்னம்மா சொன்னீங்க?"

"மூக்குத்தி சார். நம்ம பக்கம் வலது மூக்குலல்லா குத்துவோம். இவளுக மூணு பேருக்கும் வலதுதான். என்ன, இதுல எடது மூக்குல இருக்கு."

சார் ஓடிவந்து மூன்று முகத்தையும் பார்த்தார். அப்புறம் அவர்கள் போட்டிருந்த ஆம்பிளைச் சட்டையைப் பார்த்தார். சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. சுயம்புவின் சட்டையைப் பார்த்தார். அதிலும் வலது பக்கம். தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது இடது பக்கம்.

"பிலிமு" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. எங்களில் யாரும் பிலிமைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் காலத்தில் படம் முதலில் கண்ணாடி மாதிரி இருக்கிற ஒரு சுருளில் விழும், அதைக் காகிதத்துக்கு மாற்றும்போது சுருளைத் திருப்பிப் போட்டால் இடம் வலமாகிவிடும் என்று சார் சொன்னார். எழுத்து இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். உப்பளத்தில் ஏது எழுத்து? வரப்புக்கு இந்தப் பக்கமும் பாத்தி, அந்தப் பக்கமும் பாத்தி. கைபேசிப் படமென்றால் எப்படி எடுத்தது என்று படத்துக்குள்ளேயே குறிப்பு இருக்கும், அதைப் படித்துத்தான் பெட்டி பழகியிருந்தது. காகிதத்தில் அது இல்லை. பெட்டிக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்கவேண்டியவர்கள் நாங்கள், நாங்களும் கேட்கவில்லை.

சார் படத்தைத் திருப்பிப் போட்டார். மூக்குத்திகள் வலது பக்கம் வந்தன. சுயம்புவின் நிழல் தரையில் எழுந்து, வரப்பைத் தாண்டி, இடது பக்கம் போய் விழுந்தது. பெட்டி புது நேரம் சொன்னது: காலை எட்டரை. நம்பகம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அதே தொண்ணூற்றெட்டு.

உலகம்மாள் அந்த நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஸ்டுடியோக்காரர் அப்போது உயிரோடு இல்லை, அவர் மகன் இருந்தார். சார் அன்றைக்கே போய்ப் பார்த்தார். "ஆமா சார், எங்கப்பா அவசரத்துல பிலிமைத் திருப்பிப் போட்டுருவாரு. ஒரு வீட்டுல மாப்பிள்ளை இடது கையை முன்னுக்கு நீட்டித் தாலி கட்டுற மாதிரி வந்து பெரிய சண்டையாப் போச்சு" என்றாராம். சார் பெட்டி செய்தவர்களுக்கு எழுதினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: நூற்றுக்கு இரண்டு பிழை ஏற்கத்தக்கது. சார் அதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, "அந்த ரெண்டு நம்ம தெருவுல குடியிருந்திருக்கு" என்றார். அதற்கப்புறம் அவர் வகுப்பில் சிரித்து நான் பார்க்கவில்லை.

வேதாரண்யத்துக்குப் போனோம். உலகம்மாள், பூரணி, சார், கூட நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஏறிக்கொண்டேன், யாரும் இறங்கச் சொல்லவில்லை.

உச்சிவெயிலில் ஒரு ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து சுயம்பு சித்தப்பா மோட்டார் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பூரணியின் தலையில் எண்ணெய்க் கை படாமல் புறங்கையால் தடவினார். சாருக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "இருங்க சார்" என்றார்.

சார் உட்காரவில்லை. "அண்ணாச்சி, தப்பு எங்க மேல" என்று ஆரம்பித்து பிலிமு, மூக்குத்தி, எட்டரை மணி எல்லாம் சொன்னார். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் சொன்னது நெசம்னு பெட்டி சொல்லிட்டு?"

"ஆமா அண்ணாச்சி."

"சரி சார்." ஒரு நட்டை எடுத்துத் துடைத்தார். "பெட்டி சொல்லாம இருந்திருந்தா?"

சார் அந்தக் கவிழ்த்த பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார்.

உலகம்மாள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "சுயம்பு, வீட்டுக்கு வாப்பா. நான் கேட்டிருக்கக் கூடாது. நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே மதினி. எத்தனை தரம்னாலும் அதைத்தானே சொல்லணும்." கோபமே இல்லை அவர் குரலில். கோபம் இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "இப்ப வேற ஒண்ணு இருக்கு மதினி. இந்த அஞ்சாறு மாசமா எனக்கே சந்தேகமாப் போச்சு. எல்லாரும் சொல்லுதாங்களே, ஒருவேளை நான் அங்கதான் நின்னேனோன்னு. நெனைச்சு நெனைச்சுப் பாக்கவும் அந்தச் சாயங்காலம் அப்படியே கண்ணுல வந்துட்டு. அண்ணன் கிணத்துக்குள்ள எறங்குதான். நான் போட்டோவுக்குச் சிரிச்சிக்கிட்டு நிக்கேன். கரண்ட் வருது. சுவிட்சுக்குக் கையை நீட்டுதேன், எட்ட மாட்டேங்கு." எண்ணெய்க் கையை விரித்துப் பார்த்தார். "பஸ்ஸு, தொட்டிலு எல்லாம் மங்கிட்டு. இதுதான் தெளிவா இருக்கு. நீங்க எட்டரைன்னு சொல்லுதீங்க. சந்தோசம். ஆனா இந்தச் சாயங்காலத்தை என்ன செய்ய?"

உப்புக் குவியல்கள்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பூரணி அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் சொல்ல வந்ததை அப்போதுதான் சொல்ல முடிந்தது.

"சித்தப்பா, அந்தக் கணக்கை மொதல்ல போட்டது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது.

"பெட்டிக்கு முன்னாலயே போட்டியாமே? பூரணி சொன்னா" என்றார். "கம்பை அளந்தது சரிதானே? நெழலை அளந்ததும் சரி. பின்ன என்ன. கணக்கு தப்பில்லையே தாயி."

சொல்லிவிட்டு மறுபடியும் நட்டைக் கழுவ ஆரம்பித்தார்.

அவர் திரும்பி வந்து அந்த வீட்டில் தங்கவேயில்லை மக்கா. பொங்கலுக்கு வருவார், உலகம்மாள் பரிமாறுவாள், சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார். எத்தனை மணி பஸ் என்று அந்த வீட்டில் அப்புறம் யாரும் கேட்டதில்லை. அவர் போனபிறகு எச்சில் இலையை எடுக்காமல் உலகம்மாள் அதற்கு எதிரேயே உட்கார்ந்திருப்பாளாம். நான் பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டேன். அப்புறம் படித்ததெல்லாம் நானாகப் படித்தது. எதைப் படித்தாலும் முதலில் அதில் இருக்கிற மனுஷர் முகத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அது ரொம்பப் பிந்தி வந்த பழக்கம்.

சரி, எழுந்து வீட்டுக்குப் போங்கள் என் செல்லங்களே. உங்கள் வீட்டில் ஒருத்தர் 'நான் போயிட்டு வந்தேன்' என்று சொன்னால், 'வா, சாப்பிடு' என்று இலை போடுகிற கை இருக்கட்டும். ஒரு தரம் சொன்னது போதும் என்கிற காது இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் ஆட்கள் ஒருவர் பேச்சை ஒருவர் நம்பிக்கொண்டு, நிறைய வருஷம் ஒரே கூரையின் கீழ் நல்லா இருங்கள்.